என் மாமியார் பார்த்த ரத்தக்காட்டேரி நாடகம்

மேடையில் ரத்தம் ஏற்றும் காட்சி வந்தபோது கொட்டகையிலிருந்த பெண்களில் பாதிப் பேர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு மாமி காதையும் பொத்திக்கொண்டாள். என் மாமியார் மட்டும் பாயில் முழங்காலை ஊன்றி எழுந்து, முன்னால் இருந்தவளின் தோளுக்கு மேலே கழுத்தை நீட்டிப் பார்த்தார். மேடையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு நடிகர், கட்டிலில் படுத்திருந்தவனின் கையிலிருந்து பக்கத்துக் கட்டிலில் வெளிறிக் கிடந்த பெண்ணின் கைக்கு ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தினார். குழாய்க்குள் சிவப்புச் சாயம் மெள்ள நகர்ந்தது. அந்தப் பெண் கண் திறந்தாள். மாமியார் மூச்சை விட்டதை நான் கேட்டேன். அவர் முகத்தில் பயம் இல்லை. மூலஸ்தானத்தில் திரை விலகும் நொடியில் அவர் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

அவருக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் எங்கள் வீடு. மாமனார் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். மாதம் ஒரு முறை வருவார். ஆகவே வீட்டில் எதற்கும் முடிவு சொல்லும் குரல், அடுத்த வீட்டில் இருந்த மாமனாரின் தமையனாருடையது. அவரை நாங்கள் பெரியப்பா என்போம். அவர் கூடத்தில் உட்கார்ந்து பேசுவார். மாமியார் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்லுவார். முப்பது வருஷம் ஒரே தெருவில் வாழ்ந்தும் இருவரும் நேருக்கு நேர் நின்று பேசியதில்லை. மாமியாருடைய ஆசாரம் தெருவுக்கே தெரியும். வெளியே போய்விட்டு வந்தால் ஸ்நானம். மற்றவர் வீட்டில் தீர்த்தம்கூடச் சாப்பிட மாட்டார். மருமகளாக வந்து ஒன்றரை வருஷம் ஆகியும், தீட்டுப் படாமல் காயவைத்த மடித் துணியில் என் நிழல் விழுந்துவிடுமோ என்று நான் ஒதுங்கித்தான் நடப்பேன். அவர் என்னிடம் கடிந்து பேசியதில்லை. கனிந்து பேசியதும் இல்லை.

அப்படிப்பட்டவர் நாடகத்துக்கு வந்ததற்குக் காரணம் என் கணவர். அவர் கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடத்தினார். மேல்நாட்டில் பேர்போன பழைய ரத்தக்காட்டேரிக் கதை ஒன்றை இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மாற்றி, தெற்கேயிருந்து வந்த ஒரு கம்பெனி திருச்சியில் நாடகமாகப் போட்டுக்கொண்டிருந்தது. மூலக் கதையில் காட்டேரி, மலைமேல் ஒரு கோட்டையில் வாழும் பிரபு. நாடகத்தில் அவன் கொல்லிமலைப் பக்கத்து ஜமீன்தார். கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு ரயிலில் வந்து திருச்சி ஜங்ஷனில் இறங்குகிறான். கண்டோன்மெண்டில் பங்களா வாடகைக்குப் பிடிக்கிறான். டென்னிஸ் ஆடுகிறவர்களோடு சிநேகமாகிறான். அதன் பிறகு ஊரில் ஒரு வக்கீலின் பெண் நாளுக்கு நாள் வெளுத்துப் போகிறாள். மூலத்தை எவ்வளவு கெடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை பெண்களும் வர வசதியாகப் பகல் ஆட்டம் இருந்ததால் என்னையும் நாத்தனாரையும் கூட்டிப் போவதாகச் சொன்னார். நாங்கள் இரண்டு சிறுசுகள் தனியாகப் பெண்கள் பக்கத்தில் உட்காருவதா என்று மாமியார் துணைக்கு வந்தார். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காட்டேரி நாடகத்துக்கு விட்டிருப்பார்களா?

அந்த மாதம் முழுவதும் ஸ்ரீரங்கத்தில் இந்த நாடகத்தைப் பற்றித்தான் பேச்சு. தண்ணீர்ப் பந்தலில் ஒரு கட்சி, கொள்ளிடக் கரையில் ஒரு கட்சி. முதல் வாரம் காட்டேரியை விரட்ட நாடகத்து டாக்டர் விபூதியை வீசினாராம். ஸ்ரீரங்கத்தார் போய், பெருமாள் துளசிக்கு இல்லாத சக்தியா என்று கேட்டுவிட்டு வந்தார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து டாக்டர் ஒரு கையில் விபூதியும் மறு கையில் துளசி மாலையுமாக வந்தார். கண்ணாடியில் காட்டேரியின் உருவம் தெரியாத காட்சிதான் உயர்ந்தது என்றார்கள் சிலர். கண்ணாடிச் சட்டத்தில் கண்ணாடியே இல்லை, உள்ளே கையை விட்டுப் பார்த்தேன் என்றான் ஒருவன். எங்கள் தெருப் பெண்களுக்கு வேறு கவலை. அவனை வீட்டு வாசலிலேயே தடுப்பது பூண்டு வாசனை மட்டும்தான். பூண்டே நுழையாத வீடுகள் எங்களுடையவை. “நேரே நம்ம தெருவுக்குன்னா வருவன்,” என்றாள் எதிர்வீட்டு மாமி. சிரித்துக்கொண்டே சொன்னாலும், அன்று பொழுது சாய்வதற்குள் அவள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் அடைபட்டிருந்தன. என் கணவர் மூன்று பக்கத்துக்கு ஓர் அபிப்பிராயம் எழுதி உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு அனுப்பினார். மூலத்தின் கம்பீரம் போய்விட்டது, ஜமீன்தார் வேஷத்தில் காட்டேரி வெறும் கடன்கார மைனராகிவிட்டான் என்பது அதன் சாரம். அச்சில் வந்தது. இரண்டு பேர் மறுத்து எழுதினார்கள். அவர்களுக்கும் இவர் பதில் எழுதினார்.

நாடகம் முடிந்து நாங்கள் வீடு திரும்பியது எப்போதும் அழைக்கும் ஜட்காவில்தான். வண்டிக்காரர் பாலக்கரைப் பக்கத்து முஸ்லிம். முப்பது வயது இருக்கும். காவேரிப் பாலத்தில் ஏறும்போது அவராகவே பேச்சைத் தொடங்கினார். “நான் நாலு வாட்டி பாத்துட்டேங்க. காட்டேரியா வர்றவரு தினம் நம்ம வண்டிலதான் வருவாரு. பாவம், அந்தக் கோரப்பல்லு வச்சு வச்சு ஈறெல்லாம் புண்ணு. கஞ்சிதான் குடிக்கிறாரு.”

நாத்தனார் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. அவர் முதல் தடவையாக வாய் திறந்தார். “ஒருத்தர் ரத்தத்தை எடுத்து இன்னொருத்தருக்கு விட்டானே, அது நெஜமா? கதைக்காகப் பண்ணினதா?”

கேள்வி என் கணவரைப் பார்த்து. அவர், “மூலத்திலேயே இருக்கும்மா,” என்று மூலத்துக்குப் போய்விட்டார். வண்டிக்காரர்தான் திரும்பிப் பார்த்துச் சொன்னார். “நெசந்தாம்மா. எங்க மாமு மகன் பட்டாளத்துல இருந்தான். குண்டடி பட்டவங்களுக்குப் பாட்டில்ல வச்சு ஏத்துவாங்களாம். செத்தவன்னு நெனச்சவன் எந்திரிச்சு டீ கேப்பானாம்.”

காவேரியில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மாமியார் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரியப்பா நாடகம் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரையும்விட அவருக்குத்தான் அபிப்பிராயம் பலமாக இருந்தது. நாடகத்தில் அந்தப் பெண்ணுக்கு முதலில் அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை ரத்தம் தருகிறான். பிறகு அவள் தகப்பனார். மூன்றாவதாக, வேறு யாரும் இல்லாத வேளையில், வக்கீல் வீட்டுத் தோட்டக்காரன் தருகிறான். கடைசியில் அவளுக்குக் கல்யாணம் நடக்கிறது. பெரியப்பாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒரு நாள் கூடத்தில் என் கணவரோடு வாதம் முற்றிப்போயிற்று.

“தோட்டக்காரன் ரத்தம் உடம்பிலே ஓடறது. அந்தப் பொண்ணை எந்தக் கோத்திரம் சொல்லிக் கன்னிகாதானம் பண்ணிக் கொடுப்பன்? நாடகம் எழுதினவனுக்கு அது தோணலையா?”

என் கணவர் மூலத்தில் ரத்தம் தருகிறவர்களின் எண்ணிக்கையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது, உரக்க அல்ல, உப்பு எவ்வளவு என்று சொல்லுகிற மாதிரி. “குடிக்கிறவன் கோத்திரம் கேக்கலை. குடுக்கிறவன் மாத்திரம் எதுக்குக் கேக்கணும்?”

பெரியப்பா செம்பிலிருந்த தீர்த்தத்தைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அந்த வார்த்தை தெருவெல்லாம் சுற்றியது. சிலர் ரசித்தார்கள். சிலர், நாடகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுகிறாள், தன் வீட்டில் வந்தால் தெரியும் என்றார்கள்.

எனக்கு மாசி மாதம் பிரசவம். என் அம்மா நான் சிறு பெண்ணாக இருக்கும்போதே காலமாகிவிட்டதால் புகுந்த வீட்டிலேயே பிரசவம் ஆயிற்று. பெண் குழந்தை. மருத்துவச்சி கெட்டிக்காரி, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். எட்டாம் நாள் காலை, குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு எழுந்தேன். காலில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது. குனிந்து பார்த்தது நினைவிருக்கிறது. தரை முழுவதும் சிவப்பு. நாத்தனார் அலறினாள்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதியை நான் பார்த்தேன். பாதியை நாத்தனாரும் கணவரும் பிற்பாடு சொல்லிக் கேட்டேன். பிரசவத் தீட்டு இன்னும் கழியவில்லை. அந்த எட்டு நாளும் மாமியார் என்னைத் தொட வேண்டியிருந்தால் தொட்டுவிட்டு உடனே குளிக்கப் போவார். அன்று அவர் மடிப் புடவையோடு வந்து தரையில் உட்கார்ந்து என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு ஜட்காவை அழைக்கச் சொன்னார். அதே வண்டிக்காரர் வந்தார். வண்டியில் மாமியார் என் கால்களைத் தூக்கித் தன் தோளில் சார்த்திக்கொண்டார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியாது. பாலத்தில் வண்டி குலுங்கியபோதெல்லாம் “மெள்ள, மெள்ள” என்று அவர் சொன்னதும், “மெள்ளப் போனா நேரமாயிடுங்கம்மா” என்று வண்டிக்காரர் சொன்னதும் காதில் விழுந்தன. மலைக்கோட்டை ஒரு தடவை வானத்தில் தெரிந்தது. அப்புறம் ஒன்றும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த லேடி டாக்டர் யுத்த காலத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். உள்ளே தங்கியிருந்த நஞ்சுக்கொடித் துணுக்கை எடுத்து ரத்தப்போக்கை நிறுத்திவிட்டார். வெளியே வந்து, “நின்னுடுத்து. ஆனா உடம்பில ரத்தமே இல்லை. உடனே ஏத்தணும். யார் தரீங்க?” என்று கேட்டார். எங்களுக்குப் பின்னாலேயே வந்துவிட்ட என் கணவர் கையை நீட்டினார். ஒரு துளி எடுத்து என் ரத்தத்தோடு கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்தார்கள். திரிந்துபோயிற்று. மாமியார் தன் விரலை நீட்டினார். ஊசி குத்தியபோது அவர் கண் இமைக்கவில்லையாம். சில்லையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அதுவும் திரிந்தது. “சேராதும்மா,” என்றார் டாக்டர். மாமியார் கொஞ்ச நேரம் விரலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார் என்று என் கணவர் சொன்னார். “என்னோடது ஆகாதாமே,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாராம்.

அதற்குள் பெரியப்பாவும் வந்து சேர்ந்திருந்தார். தாழ்வாரத்து வாசலில் வண்டிக்காரர் நின்றார். வண்டியில் விரித்திருந்த வைக்கோல் முழுக்க என் ரத்தம். அதை அள்ளிப் போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் டாக்டரிடம் வரவில்லை. மாமியாரிடம் வந்தார். “அம்மா, என்னோடதைப் பாக்கச் சொல்லுங்க. ஆவுமா என்னான்னு.”

பார்த்தார்கள். சில்லில் இரண்டு துளியும் ஒன்றாகக் கலந்து அப்படியே நின்றன. டாக்டர் நர்ஸிடம் பாட்டிலை எடுக்கச் சொன்னார்.

பெரியப்பா குறுக்கே வந்தார். அவர் கெட்டவர் அல்ல. என்மேல் அவருக்குப் பிரியம் உண்டு. “சித்த பொறுங்கோ. ஆத்து மனுஷா நாலு பேரை வரவழைக்கிறேன். ஒரு மணி நேரத்திலே வந்துடுவா. யாருக்காவது சேரும்.”

“ஒரு மணி நேரம் இந்தப் பொண்ணுகிட்ட இல்லை,” என்றார் டாக்டர்.

என் கணவர் பேசவில்லை. இதை அவரே என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார், மறைத்ததில்லை. நாடகத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதின மனுஷனுக்கு அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை என்பார். அவர் பெரியப்பாவைப் பார்த்தார், வண்டிக்காரரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

மாமியார் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கதவு இல்லாத அந்தத் தாழ்வாரத்தில், பெரியப்பாவுக்கு நேரே போய் நின்றார். “நாடகத்தைப் பாத்துட்டு நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது அந்தப் பொண்ணுக்கு மாத்திரம்னா நான் சொல்லியிருக்கவே கூடாது.” பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். “நான் இவளுக்கு மாமியார். நான் சொல்றேன். ஏத்துங்கோ.”

எனக்கு நினைவு திரும்பியபோது முதலில் கண்ணில் பட்டது பாட்டில்தான். மேலே தொங்கிக்கொண்டிருந்தது. குழாய் என் கைக்குள் வந்து முடிந்தது. குளிரில் விறைத்திருந்த கையில், முழங்கைக்கு மேலே, மெல்லிய சூடு ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டை இன்றும் என்னால் சொல்லில் கொண்டுவர முடியவில்லை. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் என் உடம்பின் ஒவ்வோர் அறையாக விளக்கேற்றிக்கொண்டு வருவது போல இருந்தது என்று சொல்லலாம்; அதுவும் போதாது. மாமியார் கட்டில் ஓரத்தில் நின்று குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வண்டிக்காரரின் குரல் கேட்டது. நர்ஸ் பாலைக் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்ல, அவர், “குதிரை காலையிலேருந்து தண்ணி குடிக்கலைங்க, காட்டிட்டு வந்து படுத்துக்கறேன்,” என்று மன்றாடிக்கொண்டிருந்தார்.

பதினைந்து நாள் கழித்து வீடு திரும்பினேன். இப்போது தெரு எங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தொடங்கியிருந்தது. தீட்டுக் கழிக்கும் புண்யாஹவாசனத்துக்கு வந்த வாத்தியார் தயங்கித் தயங்கி, வேறு ஏதாவது பிராயச்சித்தமும் சேர்த்துச் செய்யலாமா என்று கேட்டார். “பிரசவத் தீட்டுக்கு என்ன உண்டோ அதைப் பண்ணுங்கோ. அதுக்கு மேலே இங்கே ஒண்ணும் ஆகலை,” என்றார் மாமியார். பெரியப்பா வீட்டார் பத்து மாதத்துக்கு மேல் எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வந்தார்கள். மாமியார் வரும்படி சொல்லவும் இல்லை, வந்தபோது முகம் சுளிக்கவும் இல்லை. பெரியப்பா கூடத்தில் உட்கார்ந்தார். மாமியார் பழையபடி கதவுக்குப் பின்னால் போய் நின்றார். அவருடைய ஆசாரத்தில் எள்ளளவும் மாற்றமில்லை. அதுதான் எனக்குப் புரியவே இல்லை. இப்போது எனக்கு அவருடைய அன்றைய வயதைவிட முப்பது வயது கூட ஆகிவிட்டது. இன்னும் முழுதாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பொங்கல் வரைக்கும் போய்விட்டேன். அதற்கு முன்பு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகும்போது மாமியார் ஒன்றைக் கவனித்தார். அந்த வண்டிக்காரர் எங்கள் பக்கம் வருவதே இல்லை. வேறொரு ஜட்காக்காரரைக் கேட்டதில் விஷயம் தெரிந்தது. அவர் ரத்தம் கொடுத்ததை வீட்டில் சொல்லவில்லை. அவருடைய தாயார் யார் மூலமோ கேள்விப்பட்டு இடிந்துபோயிருக்கிறார். அந்த அம்மாள் நாடகம் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொன்னதைக் கேட்டதுதான். ரத்தத்தை உறிஞ்சக் கொடுத்தவன் வெளுத்து வெளுத்துச் செத்துப்போவான், செத்த பிறகும் அடங்க மாட்டான் என்று அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். பிள்ளையைப் பாலம் தாண்டக்கூடாது என்று ஆணையிட்டுவிட்டார்.

மாமியார் அன்று மத்தியானமே என்னைக் கிளம்பச் சொன்னார். குழந்தையை நாத்தனார் பார்த்துக்கொண்டாள். பாலக்கரையில் ஒரு சந்துக்குள் நடந்து போனோம். ஒன்பது கஜப் புடவை கட்டி, நெற்றியில் பளிச்சென்ற சிவப்பு ஸ்ரீசூர்ணத்தோடு அவர் நடந்து வந்ததை வாசலுக்கு வாசல் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். வண்டிக்காரர் வீட்டில் இல்லை. அவருடைய தாயார் வாசல் திரையை விலக்கினார்; மாமியார் வயதுதான், மெலிந்த உடம்பு. நாங்கள் யாரென்று சொன்னதும் அவர் முகம் இறுகியது. ஆனாலும் உள்ளே வரச்சொல்லிப் பாய் விரித்தார். மாமியார் உட்கார்ந்தார்.

“எம் புள்ள ஒத்தப் புள்ளம்மா,” என்றார் அந்த அம்மாள். “கேக்காம எடுத்துட்டீங்களே.”

“தப்புதான்,” என்றார் மாமியார். “உங்ககிட்ட வந்து கேட்டிருக்கணும். நேரமில்லை.” பிறகு தன் வலது கை விரலை நீட்டிக் காட்டினார். “உங்க பிள்ளைக்கு முன்னாடி என்கிட்டயும் எடுத்தா. என்னோடது ஆகலை. இவளைப் பெத்த தாயார் இல்லை. நான் இருந்தும் என்னாலே ஆகலை. உங்க பிள்ளையோடதுதான் சேர்ந்தது.”

மூன்று மாதத்துக்கு முந்தைய ஊசிக் குத்து, அடையாளம்கூட இருந்திருக்காது. அந்த அம்மாள் எழுந்து வந்து, மாமியாரின் விரலைத் தன் கைக்குள் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாமியார் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“எந்தப் பொண்ணுக்கு?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“இதோ, இவதான்.”

அவர் என் பக்கம் திரும்பி, என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். நாடி பார்க்கிறாரா, சூடு பார்க்கிறாரா தெரியவில்லை. வெகு நேரம் விடவில்லை. “நல்லா இருக்கியாம்மா?” என்றார். தலையை அசைத்தேன். அவர் அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட எழுந்தார். மாமியார் தடுத்தார். “நான் எங்கேயும் ஒண்ணும் சாப்பிடறதில்லை. என் மனுஷா ஆத்திலேயும் சாப்பிடறதில்லை. கோவிச்சுக்கக் கூடாது.” அந்த அம்மாள் ஒரு கணம் யோசித்தார். பின்பக்கம் போய் ஒரு இளநீரைக் கொண்டுவந்து, அரிவாளையும் அதோடு சேர்த்து மாமியார் முன் வைத்தார். “நீங்களே சீவிக்குங்க.” மாமியார் சீவிக் குடித்தார். பாதியை எனக்குக் கொடுத்தார்.

மறு வாரத்திலிருந்து வண்டிக்காரர் பாலம் தாண்டி வரத் தொடங்கினார்.

பாலக்கரையிலிருந்து அன்று சாயங்காலம் நாங்கள் வீடு திரும்பியபோது உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. கோவிலுக்குப் போய்விட்டு வந்தால் தவிர, எங்கே போய் வந்தாலும் மாமியார் நேரே கொல்லைப்புறம் போய்க் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் ஒரு பொருளைத் தொடுவார். நான் அவசரமாக அடுப்படிப் பக்கம் போனேன். “அம்மா, வெந்நீர் போடட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் காலை மட்டும் கழுவிக்கொண்டு தூளியிடம் போய்விட்டிருந்தார். “எதுக்கு?” என்றார். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.